ஸ்டிமாச் போனார், பழியும் போயிற்றா?

2024 ஜூன் 17 அன்று, இந்தியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் சீட்டைக் கிழித்தது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். பிடித்த சனி விட்டது என்று மகிழ்ந்தனர் சிலர். (சனிக்கும் இந்தக் கதைக்கும் உறவுண்டு, வருவோம்.) நல்லவரை விரட்டிவிட்டார்களே என்று வருந்தினர் சிலர். இரண்டும் முழு உண்மையல்ல, தோழர்களே!

ஐந்தாண்டுகள். 53 ஆட்டங்கள். வெற்றி 19, சமன் 14, தோல்வி 20. இதுதான் பேரேடு.

வந்தவர் வெறும் ஆள் அல்லர். 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர். 2019 மே மாதம் பொறுப்பேற்றார். செப்டம்பரில் ஆசிய வாகையர் கத்தாரை, அவர்கள் மண்ணிலேயே, ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் மடக்கியது நம் அணி. அதுவும் சுனில் சேத்ரி இல்லாமல்! 2023இல் இம்பால், புவனேசுவரம், பெங்களூர் என்று மூன்று ஊர்களில் மூன்று கோப்பைகள். உலகத் தரவரிசையில் 99ஆம் இடம். நவம்பரில் குவைத்தை அதன் ஊரிலேயே வென்றோம். சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர் நாட்டுக்காக ஆடியதும் இவர் காலத்தில்தான். இதையெல்லாம் மறைப்பது நன்றியன்று.

ஆனால் கோப்பை மூன்றும் சொந்த வீட்டுக் கோப்பை. வெளியே நடந்ததென்ன? 2024 சனவரியில் ஆசியக் கோப்பை: மூன்று ஆட்டம், மூன்று தோல்வி, அடித்த கோல் ஒன்றுமில்லை! மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் தோகாவில், எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தைக் கோல் என்று நடுவர் ஒப்பிய அநீதியைக் கண்டு குமுறினோம். நியாயமான குமுறல். ஆயினும் கடைசி ஆட்டம் வரை கழுத்தில் கத்தி தொங்கியதற்குக் காரணம் குவாஹாத்தி அல்லவா?

இனி, சனிக்கு வருவோம்.

2022இல் ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்களுக்கு முன், அணிக்காகச் சோதிடர் ஒருவரைப் பல லட்சம் ரூபாய்க்கு அமர்த்தியது சம்மேளனம். ஆடவிருப்போர் பட்டியலைப் பயிற்சியாளரே அவருக்கு அனுப்பினார் என்றும், இன்னாருக்கு நாள் நன்று, இன்னாருக்கு ஆகாது என்று பதில் வந்தது என்றும் 2023 செப்டம்பரில் ஆங்கில நாளேடு ஒன்று அம்பலப்படுத்தியது. வெட்கம்! காலையிலும் மாலையிலும் வியர்வை சிந்திப் பயின்றவன் ஆட வேண்டுமா, உட்கார வேண்டுமா என்பதை முடிவு செய்வது கட்டத்தில் இருக்கும் செவ்வாயா?

"வென்றோமே!" என்பர். ஆம், கல்கத்தாவில் ஆப்கானிஸ்தானை அன்று 2-1 என வென்றோம். எப்படி? 86ஆம் நிமிடத்தில் சேத்ரி அடித்தார். இரண்டே நிமிடத்தில் ஆப்கானியர் சமன் செய்தனர். வெற்றிக் கோலை அடித்தவர் முதல் பதினொருவரில் இல்லாத சகல் அப்துல் சமது! கடைசி நேரத்தில் அவரைக் களமிறக்கியது கால்பந்து அறிவு, கோள் அல்ல. அந்த அறிவு படைத்தவரே கோளைக் கேட்கப் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அவரைக் கேட்கவைத்தவர் யார்? சோதிடரைத் தேடிப் பிடித்துப் பணம் கொடுத்த முதலாளி யார்? நீண்ட பயிற்சி முகாம் வேண்டும் என்று ஸ்டிமாச் மன்றாடினார். ஆசியக் கோப்பைக்கு முன் கிடைத்தது இரு வாரமே. பணக்காரக் கிளப்புகள் வீரர்களை விடவில்லை. சம்மேளனம் விடச் சொல்லவும் துணியவில்லை. ஆலையில் தேய்ந்த எந்திரத்தை மாற்றாமல், உற்பத்தி குறைந்தது என்று மேஸ்திரியை நீக்கும் நிர்வாகத்தை நாம் பார்த்ததில்லையா? அந்த மேஸ்திரியும் குற்றமற்றவர் அல்லர் என்பது வேறு.

அவரை அனுப்பிய பின்பு நிவாரணமாக நான்கு லட்சம் டாலர் தர 2024 செப்டம்பரில் சம்மேளனம் இணங்கிற்று. நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல். எத்தனை ஊர்த் திடல்களுக்குப் புல் போட்டிருக்கலாம்!

அடுத்து வந்தார் ஸ்பெயின் நாட்டு மனோலோ மார்க்கெஸ். ஓராண்டில் ஒரே வெற்றி, மாலத்தீவிடம். அவரும் போனார். காலித் ஜமீல் வந்தார். 2025 அக்டோபரில் கோவாவில், நம் மக்கள் முன்னிலையில், சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான வாசலும் மூடிற்று. மூன்று பயிற்சியாளர்கள் மாறினர். சம்மேளனம் மட்டும் அப்படியே இருக்கிறது.