பூட்டிய அலமாரிக்குள் வேகும் வன்தட்டுகள்

நம் பள்ளிகளில் வேரூன்றிவிட்ட ஒரு வழக்கத்தை எதிர்த்து எழுதியே தீரவேண்டியுள்ளது. திருடு போய்விடும் என்னும் அச்சத்தால் கணினிப் பெட்டியைப் பலகை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். தூசு படியாதிருக்க மேலே துணியும் போர்த்துகிறோம். அப்படியே நாள் முழுதும் ஓட விடுகிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒன்று, இயங்கும்போது ஏறக்குறைய 6 முதல் 10 வாட் மின்சாரம் கொள்கிறது. அவ்வளவும் வெப்பமாகவே வெளிவருகிறது. முன்புறம் காற்றை இழுத்துப் பின்புறம் தள்ளுவதே கணினிப் பெட்டியின் பொதுவான அமைப்பு. அடைத்த அலமாரிக்குள், பின்னே தள்ளிய அனல் காற்றே சுற்றிவந்து முன்னே நுழைகிறது. காற்றாடி எவ்வளவு வேகமாகச் சுழன்றால்தான் என்ன? வெந்நீரை வெந்நீர் ஊற்றி ஆற்ற முடியுமா?

மலேசிய நண்பகல் வெப்பம் 32, 33 பாகை செல்சியஸ். சுற்றியுள்ள காற்றைவிட வன்தட்டு 10 பாகை கூடுதலாகச் சுடுவது இயல்பு. மேசைக்கணினி வன்தட்டுகள் பலவற்றுக்கு உற்பத்தியாளர் விதிக்கும் மேல்வரம்பு 60 பாகை. அலமாரிக் காற்றே 45 பாகையைத் தொட்டால் மிச்சம் எவ்வளவு என்பதை மூன்றாம் ஆண்டு மாணவனே கணக்கிட்டுச் சொல்வான்.

"வெப்பத்தால் வன்தட்டு கெடாது, கூகுள் ஆய்வே மெய்ப்பித்துவிட்டது" என்று கணினி அறிந்த நண்பர்கள் சிலர் வாதிடுவர். 2007இல் வெளிவந்த அவ்வாய்வு, ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தது. மிதமான வெப்பத்துக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பில்லை என்று அது சொன்னது உண்மையே. ஆனால், மூன்றாண்டைக் கடந்த வன்தட்டுகளில் வெப்பம் ஏற ஏறப் பழுதும் கூடியதை அதே ஆய்வு காட்டுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நண்பர்கள் புரட்டுவதில்லை. நம் கணினிக் கூடங்களில் மூன்று வயதுக்கு உட்பட்டவை எத்தனை?

முன்பு நான் பணியாற்றிய பள்ளியொன்றில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் முதன்முதலாக வாய்விட்டு வாசித்ததை ஆண்டுதோறும் பதிந்து வைத்திருந்தோம். ஒருநாள் வன்தட்டு 'டக், டக்' என்றது. அதன்பின் ஒரு குரலும் மீளவில்லை. வேறு நகல் எடுத்து வைக்காதது எங்கள் குற்றம், அதை மறைக்கவில்லை. வெப்பந்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூறவும் என்னால் இயலாது. அலமாரிக் கதவைத் திறந்தபோது முகத்தில் அறைந்த அனலை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இன்று புதிய கணினிகளில் சுழலாத திடநிலைத் தட்டுகள் வந்துவிட்டன. இருப்பினும் பழைய கணினிகள் ஓடுகின்றன. கண்காணிப்புக் கேமராவின் பதிவுக்கருவியோ இரவும் பகலும் அலமாரிக்குள் சுழல்கிறது.

திருட்டைத் தடுக்கக் கம்பி வலைக் கதவு போதும். இரண்டு வன்தட்டுகளை ஒட்டிப் பொருத்தாமல் நடுவே ஓர் அறை காலியாக விடலாம். பள்ளி விடுமுறைதோறும் காற்றுத் துளைகளின் தூசைத் தட்டலாம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச மென்பொருள் வன்தட்டின் வெப்பநிலையைக் காட்டும். நண்பகலில் ஒருமுறை பாருங்கள்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதிய அலமாரி பற்றிப் பேச்சு எழுந்தால், பின்புறத்துக்குப் பலகை வேண்டா, கம்பி வலை போதும் என்று தச்சரிடம் சொல்லச் சொல்லுங்கள்.