கிடங்கு யாருக்கு?

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் ஓர் அறைக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அருவியில் நீர் விழும் சில மாதங்களை நம்பியே விடுதிக் கட்டடங்கள் எழும்புகின்றன. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதன் பின்னர் சாலையோர மனைகளை நாடி வருவோரும் பெருகியிருக்கின்றனர். இந்நிலையில், சங்கத்தின் பழைய நூல் கிடங்கையோ விளைபொருள் கிடங்கையோ சுட்டிக்காட்டி, "சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, நல்ல விலைக்கு விற்றுவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. இக்கேள்விக்கு விடை கூறுமுன், கடல் கடந்த ஒரு நகரத்தில் இரண்டு கிடங்குகள் அடைந்த கதியை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் குற்றாலத்தில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். கீழை நாடுகளிலிருந்து போன அத்தகைய வாசனைச் சரக்குகளும் தேயிலையும் இறங்கிய இடங்களுள் ஒன்று, லண்டன் நகரில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பட்லர்ஸ் வார்ப். 1871 முதல் 1873 வரை கட்டப்பட்ட பெருங்கிடங்குகள் அவை. சந்தின் இருபுறமும் நின்ற கட்டடங்களை இணைத்து மேலே இரும்புப் பாலங்கள் போட்டு, அவற்றின் வழியே சரக்கை உருட்டிச் சென்றார்கள். பெரிய பெட்டகக் கப்பல்கள் வந்தபின் துறைமுக வேலை நதிமுகத்தை நோக்கி நகர்ந்தது. 1972-இல் கிடங்குகள் மூடப்பட்டன.

பின்னர் 1980-களில் அக்கிடங்குகளைச் செல்வர்களுக்கான குடியிருப்புகளாக மாற்றத் தொடங்கினர். 'லாப்ட்' வீடு என்று அதற்குப் பெயர். நம் வீடுகளில் லாப்ட் என்றால் பழைய பாத்திரம் போட்டுவைக்கும் பரண். அங்கேயோ, தடுப்புச் சுவரில்லாத விசாலமான கூடம், உயர்ந்த மச்சு, பூசாத செங்கற் சுவர், இரும்புத் தூண் ஆகிய இவையே பெருமை! மூட்டை தூக்கியவன் முதுகொடிந்த இடம், பணம் படைத்தவர் காற்று வாங்கும் இடமாயிற்று. கட்டடங்களுக்கு லவங்கப்பட்டை, ஏலக்காய், கிராம்பு என்று பெயரும் சூட்டினார்கள். சரக்கு போயிற்று, சரக்கைச் சுமந்தவன் போனான், சரக்கின் பெயர் மட்டும் வாசற்பலகையில் நிற்கிறது.

பழைய கட்டடத்தை இடிக்காமல் காத்ததை நாம் குறை கூறவில்லை. அது நல்ல காரியமே. காத்ததன் பலன் யாரைச் சேர்ந்தது என்பதே நம் கேள்வி.

அதே நதியின் அதே கரையில், சற்று மேற்கே, ஆக்ஸோ கோபுரக் கிடங்கு என்று மற்றொன்று உண்டு. இறைச்சிச் சாறு தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் குளிர்பதனக் கிடங்காக அது இருந்தது. அதைச் சுற்றியிருந்த நிலத்தில் பெரிய அலுவலகக் கட்டடங்கள் எழுப்பத் திட்டமிட்டபோது, அப்பகுதிவாசிகள் பல ஆண்டுகள் விடாது போராடினார்கள். 1984-இல் அந்நகராட்சி மன்றம் 13 ஏக்கர் நிலத்தை அவர்கள் அமைத்த நிறுவனத்துக்குப் பத்து லட்சம் பவுனுக்கு விற்றது. அந்த இடத்தில் அத்தனை குறைந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று? குடியிருப்பு, பூங்கா முதலிய பொதுத் தேவைகளுக்கே நிலம் பயன்பட வேண்டும் என்ற நிபந்தனையால் சந்தை மதிப்பு இறங்கிற்று.

கட்ட முதல் இல்லாத காலத்தில் காலி மனையில் மோட்டார் வண்டிகளை நிறுத்த இடம் விட்டுக் கட்டணம் வாங்கினார்கள். பின்னர் கடன் பெற்றுக் கிடங்கைப் புதுப்பித்து 1996-இல் திறந்தார்கள். கீழ்த்தளங்களில் கைவினைஞர்களின் பட்டறைகளும் கடைகளும். அவற்றுக்கு மேல் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் 78 வீடுகள். உச்சியில் செல்வர் வந்து உண்ணும் உணவு விடுதி. செல்வர் கொடுக்கும் வாடகை மற்றக் காரியங்களுக்கு உதவுகிறது. வீடுகளில் வசிப்போர் யாவரும் சங்கத்தின் அங்கத்தினர்கள். ஆயினும் தம் வீட்டைத் தனியே விலைபேசி விற்க ஒருவருக்கும் உரிமையில்லை. ஆகையால் இன்று நுழைபவருக்கும் அது எட்டும் வாடகையிலேயே இருக்கிறது.

நதி ஒன்று, கரை ஒன்று, கிடங்கும் ஏறக்குறைய ஒன்றே. பத்திரம் யார் பெயரில் இருந்தது என்பதே வேற்றுமை.

நம் நாட்டு அனுபவமும் இதையே போதிக்கிறது. 1982-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் பம்பாய் நெசவாலைகள் பல நலிந்தன. ஆலை நிலத்தை வேறு வகையில் பயன்படுத்தினால் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கும், ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் சேர வேண்டும் என்று 1991-இல் விதி செய்தார்கள். 2001-இல் அவ்விதி திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டுமே கணக்கிட்டுப் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அத்திருத்தம் செல்லும் என்றது. பொதுமக்கள் பங்கு சுருங்கிற்று; ஆலைகள் நின்ற வட்டாரத்தில் மாளிகைகள் வளர்ந்தன. உரிமை கையில் இல்லாதவர்களுக்கு விதியின் ஒரு வார்த்தை மாறினாலும் நஷ்டமே.

இனி, விற்கச் சொல்வோரின் நியாயத்தையும் பார்ப்போம். பூட்டிய கிடங்கு வாடகை தராது, கூரை ஒழுகும், சங்கத்துக்குக் கடனும் உண்டு. இவையெல்லாம் வாஸ்தவமே. பட்லர்ஸ் வார்ப் குடியிருப்புகளை எழுப்பிய கம்பெனியே 1990-இல் கடன்காரர் கைக்குப் போயிற்று என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பெரிய முதலீடு, பெரிய ஆபத்து. ஆனால் விற்ற பணம் ஒரு முறை வரும். சில ஆண்டுகளில் கரையும். இடமோ, மதிப்பு ஏற ஏறப் பிறர் கையில் வளரும்.

ஆகவே நாம் சொல்வது இது. முதலில் நிலத்தை அளந்து பட்டாவையும் பத்திரத்தையும் ஒழுங்கு செய்து, ஐப்பசி மழைக்கு முன் கூரையைச் செப்பனிடுங்கள். சாலை முகப்பில் கடையநல்லூர் நெசவாளர் லுங்கியும் புளியங்குடி எலுமிச்சையும் விற்கும் கடை ஒன்று திறக்கலாம். காலி முற்றம் இருந்தால், சாரல் காலத்தில் வண்டிகள் நிறுத்தக் கட்டணம் வாங்கலாம். மேல்மாடியில் அறை கட்டுவதானாலும் அது சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். வெளியாருக்குக் கொடுக்க நேர்ந்தால் குத்தகைக்குக் கொடுங்கள். அதுவும் குறித்த காலத்துக்கு, மகாசபையில் தொகையைப் படித்துக் காட்டி, அங்கத்தினர் சம்மதம் பெற்ற பின்னரே.

அந்தக் கிடங்கைக் கட்ட நம் தந்தையர் பங்குத் தொகை செலுத்தினார்கள். அவர்கள் தறியிலும் வயலிலும் உழைத்துச் சேர்த்த பணம் அது. நாளை அக்கட்டடத்தின் வாசலில் எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும், அதன் சாவி அங்கத்தினர் கையிலேயே இருக்க வேண்டும். அடுத்த மகாசபைக் கூட்டத்துக்குத் தவறாமல் சென்று, கிடங்கைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள்.