சூடா இருக்கும்போதே சோதிச்சுப் பாருங்க

காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. இருபது கிலோமீட்டர் அருமையா ஓடுது. டீக்கடையில பத்து நிமிஷம் நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. ஒரு மணி நேரம் கழித்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பழைய மாருதி 800, ஜென், அம்பாசிடர் இருந்திருந்தால் இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க.

இதைப் பற்றி என் கருத்து இதுதான்: இந்தக் கோளாறை ஒவ்வொரு பாகமா மாற்றித் தீர்க்க முடியாது. முதலில் கண்டுபிடிக்கணும். அந்தக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான் நம்ம கல்லூரிகள் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

என் ஊர் வளையமாதேவி. 2023 ஜூலையில் நெய்வேலி சுரங்கத்துக்கான கால்வாய் வேலைக்காக நெல் வயலில் எந்திரங்கள் இறங்கிய செய்தியில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீங்க. எங்க பக்கம் பழைய கார் யாருக்கும் ஆசைப் பொருள் கிடையாது. நல்ல பைக் வாங்குற காசுக்கும் கம்மியாக் கிடைக்குது, ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போக உதவுது, அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் இருந்து 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய் ஆனது. அதையும் கட்டித்தான் இவங்க வண்டியை வச்சிருக்காங்க.

மாமாவிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த மாருதி 800. அதில்தான் வாரத்துக்கு ஒரு தடவை ஆயாவைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும் வழியில் மருந்துக் கடையில் நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடும். மே மாத மதிய வெயிலில் பின்சீட்டில் ஆயா உட்கார்ந்திருப்பாங்க. ஒரு ஒர்க்‌ஷாப்பில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள், அடுத்து இக்னிஷன் காயில், அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ஒவ்வொரு தடவையும் வண்டியை ராத்திரி விட்டுவரச் சொல்லி, மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்து, “இப்ப சரியாயிடுச்சு” என்று சாவியைக் கொடுத்தார்கள். காலையில் அது எப்பவுமே ஸ்டார்ட் ஆகுற வண்டிதானே!

சிக்கலே இதுதான். சூட்டில் மட்டும் வருகிற கோளாறு, ஆறினதும் மறைந்துவிடும். ஆறின வண்டியில் சோதித்தால் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது சரியான மாதிரிதான் தெரியும்.

சூட்டில் என்னதான் நடக்கிறது? வண்டி ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது, முன்னால் இருந்து காற்று வருகிறது, கார்புரேட்டருக்குள் புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. நிறுத்தினதும் மூன்றும் நின்றுவிடும். ஆனால் இன்ஜினில் இருக்கிற சூடு உடனே இறங்காது. அது மெல்லப் பரவி கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், காயில் எல்லாவற்றையும் சூடாக்கும். அதனால் நிறுத்தின பத்து, இருபது நிமிஷத்துக்குள் இவையெல்லாம் ஓடும்போது இருந்ததைவிட அதிகம் சூடாகும். நாம டீ குடிக்கிற நேரமும் அதுதான்.

அந்த நேரத்தில், வண்டி நின்ற இடத்திலேயே, மூன்று கேள்வி கேட்கணும்.

முதல் கேள்வி: ஸ்டார்ட்டர் வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா? இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி முனை, எர்த் வயர், ஸ்டார்ட்டர் மோட்டார் இவற்றைப் பாருங்க. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். காலையில் எப்படியோ சமாளிக்கிற பழைய மோட்டார் மதியம் தோற்பது இப்படித்தான்.

இரண்டாவது: ஸ்பார்க் வருகிறதா? இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கிற பிக்கப், எம்பிஎஃப்ஐ வண்டியில் கிராங்க் சென்சார், இவற்றுக்குள் மெல்லிய சுருள் இருக்கும். சூட்டில் விரிந்து எங்கோ ஒரு மயிரிழை விட்டுப்போனால் ஸ்பார்க் நின்றுவிடும், ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வச்சிருந்தா ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பெட்ரோல் வாடை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் இதைச் செய்யாதீங்க.

மூன்றாவது: பெட்ரோல் வருகிறதா, இல்லை அளவுக்கு மேல் வந்துவிட்டதா? இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. இரண்டும் பெட்ரோல் பிரச்சினைதான், ஆனால் நேர் எதிரானவை. குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்தால் அது வேப்பர் லாக். இன்ஜினுக்குப் பெட்ரோலே போகாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி ஆக்ஸிலரேட்டர் கம்பியை இழுத்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சாது. மாறாக, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்தால் அது ஃப்ளடிங். பெட்ரோல் வாடை தூக்கும், ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கும். இதற்கு ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்கக் கூடாது, இன்னும் ஊற்றும். முழுசா மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கணும். கொஞ்சம் கரும்புகை விட்டுக் கிளம்பும்.

மாமா வண்டியை இப்படி ஒரு மதியம் வழியிலேயே நிறுத்திப் பார்த்தோம். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, ஸ்பார்க் இருந்தது, பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது, பிளக் ஈரம். முழுசா மிதித்து அடித்ததும் கிளம்பிவிட்டது. கார்புரேட்டரைப் பிரித்தபோது கிண்ணத்துக்குப் பெட்ரோலை அளந்து விடுகிற நீடில் வால்வு தேய்ந்திருந்தது. மாற்ற ஆன செலவு சில நூறு ரூபாய். ஏற்கெனவே மாற்றிய மூன்று பாகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பழைய அம்பாசிடர், பத்மினி ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவதை நம்ம அப்பா காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்க, சிரித்துக்கொண்டே சொல்வாங்க. நாம அதை நாட்டு வைத்தியம் என்று நினைக்கிறோம். எனக்கு அது நல்ல சோதனையாகத் தெரிகிறது. ஒரு பாகத்தை மட்டும் ஆற வைக்கிறாங்க, மற்றதையெல்லாம் அப்படியே விடுறாங்க. வண்டி கிளம்பினால் குற்றவாளி அங்கேதான். காயில், கிராங்க் சென்சார் எதற்கும் இதே முறை செல்லும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் தொடணும். சூடான சைலன்சர் பக்கமோ இன்ஜின் மேலயோ தண்ணீரை ஊற்றக் கூடாது, ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இப்போ எதற்கெடுத்தாலும் “எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால வந்தது” என்கிறார்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதற்கு ஏற்ற மாதிரி செய்யப்படாத பழைய ரப்பர் குழாய், டயஃப்ரம் கெடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகவும் செய்யும். கவலை நியாயமானது. ஆனாலும் சோதிக்காமல் பெட்ரோல் மேல் பழி போடுவதும், சோதிக்காமல் பேட்டரியை மாற்றுவதும் ஒரே பழக்கம்தான்.

“இனிமே எல்லாம் எலக்ட்ரிக், கார்புரேட்டரைத் தெரிஞ்சு என்ன பண்றது?” என்று கேட்பீங்க. கார்புரேட்டர் போகட்டும். சூடானால் மட்டும் நிற்கிற லேப்டாப், மதியத்தில் மட்டும் சார்ஜ் ஏறாத ஸ்கூட்டர், சில நேரம் மட்டும் தப்பாகக் காட்டுகிற சென்சார், இவையெல்லாம் நம்மைத் தேடி வரத்தான் போகின்றன. கோளாறு வருகிற சூழ்நிலையை முதலில் உண்டாக்கு, அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதி. எந்த எந்திரத்துக்கும் பாடம் இதுதான்.

நம்ம லேப்களில் வெட்டிப் பெயின்ட் அடித்த இன்ஜின் ஒன்று நிற்கும். அது ஓடாது, அதனால் கோளாறும் ஆகாது. நான் கேட்பது சின்ன விஷயம்: ஓடுகிற பழைய கார் ஒன்று வாங்கி நிறுத்துங்க. வாரம் ஒரு கோளாறை ஒளித்து வையுங்க. எந்தப் பாகமும் மாற்றாமல் காரணத்தை எழுதிக் கொடுக்கிறவனுக்கு இன்டர்னல் மார்க் போடுங்க. காசு கொடுத்து வாங்குகிற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைவிட இதில் கற்பது அதிகம்.

அதுவரைக்கும் நம்மால் முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, சூட்டில் நிற்கிற வண்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரிங்க. அந்த மூன்று கேள்வியோட மதிய வெயிலில் போங்க.