சத்தத்தைக் குறைக்கச் சத்தம் போடணும்!

அமெரிக்காவின் பேஸ்பால் நிதானமான ஆட்டம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே பக்கத்து சீட்டுக்காரரிடம் நாலு வார்த்தை பேசலாம். அந்த இடைவெளியில்தான் இப்போது எல்லோருக்கும் கண்!

1941-ல் சிகாகோ ரிக்லி ஃபீல்ட் மைதானத்தில் ஆர்கன் இசை வந்தது. அதே ஊர் ஒயிட் சாக்ஸ் அணிக்கு 1970 முதல் 2010 வரை வாசித்தவர் நான்சி ஃபாஸ்ட் என்ற பெண்மணி. ஆட வரும் வீரரின் பெயருக்குப் பொருத்தமான பாட்டைச் சட்டென்று எடுத்துவிடுவாராம். அது ரசனை! இன்று பல மைதானங்களில் ‘கை தட்டு’ என்று விரட்டும் பதிவு ஓசை; பந்து வெளியே பறந்தால் கண்ணாடி நொறுங்கும் சத்தம். கல்யாண வீட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்த கதைதான்.

சத்தம் ஒருபுறம் என்றால் விளம்பரம் மறுபுறம். அதே ஒயிட் சாக்ஸ் அணி 2007 முதல் 2009 வரை இரவு ஆட்டங்களை 7.11 மணிக்குத் தொடங்கியது. காரணம், ஸ்பான்சர் செவன்-இலெவன் கடை!

ஸ்பான்சர் பணமும் வேண்டியதுதான், சரி. அதற்கொரு எல்லை வேண்டாமா? 2004-ல் ‘ஸ்பைடர்மேன் 2’ படத்துக்காக, ஆட்டக்காரர்கள் ஓடித் தொடுகிற பேஸ் மீதே படத்தின் சின்னத்தைப் போடத் திட்டமிட்டார்கள். ரசிகர்கள் கொதித்தெழ, அறிவித்த மறுநாளே அது கைவிடப்பட்டது.

ஆக, காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர் வாயைத் திறந்தால் கேட்கத்தான் செய்கிறார்கள். ஸ்பீக்கர் சத்தம் குறையவும் ரசிகர்கள்தான் சத்தம் போடணும்!

- ஒரு வாசகி