இலை வாடினால் முதலில் வேரைப் பாருங்கள்

நம்ம ஊர் வீட்டு விறாந்தைகளில் இப்போது ஓர்கிட் சட்டிகள் கூடிவிட்டன. காசு கொடுத்து வாங்குகிறோம், வீடு குடிபோனால் அன்பளிப்பாகவும் கொடுக்கிறோம். ஆனால் பூ உதிர்ந்து, இலை சுருங்கி, கடைசியில் சட்டியோடு குப்பைக்குப் போகும் செடிகள்தான் அதிகம். "எங்கட சூட்டுக்கு இது சரிவராது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

எங்கள் கருத்து வேறு. சூட்டை விட, நாம் அன்பாக ஊற்றும் தண்ணீர்தான் வீட்டு ஓர்கிட்டை அதிகம் கொல்கிறது.

நம் நாட்டுக்கே உரிய வெசாக் ஓர்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கின் மழைக்காடுகளில் அது மரத்தின் மேல்தான் வளர்கிறது. நாம் வீட்டில் வைக்கும் டென்ட்ரோபியம், பெலனொப்சிஸ் வகைகளும் அதே பழக்கம் உள்ளவை. மழையில் நனைந்து, காற்றில் காய்வதற்கென்றே அமைந்தவை அந்த வேர்கள். அவற்றைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. நனைந்தால் பச்சையாகவும், காய்ந்தால் வெள்ளி நிறமாகவும் தெரியும். எப்போதும் ஈரத்தில் கிடந்தால் மூச்சுமுட்டி அழுகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் போதாவிட்டாலும் இலை சுருங்கும். வேர் அழுகினாலும் இலை சுருங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது அல்லவா? கச்சான் காற்று வீசும் மாதங்களில் முதல் காரணம் இருக்கலாம். மாரியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். இரண்டுக்கும் ஒரே வைத்தியமாக இன்னொரு கோப்பை ஊற்றினால் செடி எப்படிப் பிழைக்கும்?

வகுப்பறையில் நாம் காண்பதும் இதுதான். பிள்ளையின் புள்ளி குறைந்தால் உடனே இன்னொரு டியூஷன். கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா, இரவில் ஒழுங்காகத் தூங்குகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

போன மாரி முடிய, மாமி வீட்டில் எறிய வைத்திருந்த ஒரு பெலனொப்சிஸை வாங்கி வந்தோம். சட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால், உறுதியான வேர் மூன்றுதான். மற்றவை கபில நிறமாகி, பிடித்தால் தோல் கழன்று நார் மட்டும் கையில் வந்தது. கத்தரிக்கோலை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, அழுகியதை வெட்டினோம். வெட்டிய வாயில் மட்டும் கறுவாத்தூள் தடவினோம். நல்ல வேரில் பட்டால் அது காய்ந்துவிடும். பிறகு நாலு பக்கமும் துளையுள்ள சட்டியில் கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, சில நாட்கள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்த பொச்சு மட்டைத் துண்டு போட்டு வைத்தோம். மண் ஒரு பிடியும் போடவில்லை.

காலை வெயில் மட்டும் படும் இடம். வேர் வெள்ளியாக மாறிய பிறகே தண்ணீர், அதுவும் காலையில். குருத்தில் தண்ணீர் நின்றால் டிசூவால் ஒற்றி எடுப்போம். புது வேர் வரும்வரை பசளை இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிறகுதான் அடியில் பச்சை நுனியோடு ஒரு வேர் எட்டிப் பார்த்தது. இன்னும் பூக்கவில்லை. அவசரமும் இல்லை.

இன்னொன்று: பூ உதிர்வது நோய் அல்ல. மாதக்கணக்கில் பூத்த செடி ஓய்வெடுக்கிறது. டென்ட்ரோபியத்தில் இலையில்லாத பழைய தண்டையும், பச்சையாக இருந்தால் வெட்ட வேண்டாம். அடுத்த வளர்ச்சிக்கான சேமிப்பு அதில்தான் இருக்கிறது.

ஆகவே உறவுகளே, விறாந்தையில் வாடிய ஓர்கிட் இருந்தால், இன்றைக்குத் தண்ணீர் ஊற்ற முன் சட்டியைச் சற்றுச் சாய்த்து வேரைப் பாருங்கள். உறுதியான வேர் ஒன்றிரண்டு இருந்தாலும் எறியாதீர்கள். பக்கத்தில் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.