சிங்கத்தின் மெய்க்கீர்த்தி

சோழர் கல்வெட்டுகளைப் பயின்றவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். முதலாம் இராசராசன் காலந்தொட்டு, கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனின் வெற்றிகளை அடுக்கிக் கூறும் மெய்க்கீர்த்தி இடம்பெறலாயிற்று. எந்தெந்த நாடுகளை வென்றான், எவரெவர் அவன் அடி பணிந்தனர் என்பதெல்லாம் அதில் அழகு தமிழில் அமைந்திருக்கும். அவன் தோற்ற போரை அதில் தேடினால் கிடைக்காது. மெய்க்கீர்த்தி முடிந்த பின்னரே ஊரின் செய்தி தொடங்கும். யார் நிலம் கொடுத்தார், எவ்வளவு நெல் அளந்தார், கோயில் விளக்குக்கு எத்தனை ஆடுகள் விட்டார் என்பன வரும். வரலாற்று மாணவனுக்கு முற்பகுதியும் வேண்டும். பிற்பகுதி அதனினும் வேண்டும்.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைப் பற்றிய ஒரு தொடரைப் பார்த்தபோது எனக்கு இந்த மெய்க்கீர்த்தியின் நினைவுதான் வந்தது. 2019 மார்ச்சு 20 அன்று ஹாட்ஸ்டாரில் வெளிவந்த அத்தொடரின் பெயர் 'ரோர் ஆஃப் தி லயன்'. சிங்கத்தின் முழக்கம் என்று நாம் தமிழில் சொல்லலாம். ஈராண்டுத் தடைக்குப் பின் 2018-இல் திரும்பி வந்து கோப்பையை வென்ற அணியின் கதை அது. அணித்தலைவர் மகேந்திரசிங் தோனியின் சொந்த நிறுவனமும் சேர்ந்து தயாரித்தது. அது வெளிவந்த மூன்றாம் நாள், மார்ச்சு 23 அன்று, அவ்வாண்டின் ஐ.பி.எல். போட்டிகள் சேப்பாக்கத்திலேயே தொடங்கின. ஆக, அணியைப் பற்றி அணியே சொன்ன கதை, ஆட்டம் தொடங்கும் வேளை பார்த்து வெளியிடப்பட்டது.

நான் இராயபுரத்துக்காரன், இந்த அணியின் இரசிகன். அத்தொடரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அணியின் மீது அன்பு கொண்டவன் என்ற உரிமையோடு, அதில் இருப்பதையும் இல்லாததையும் எடுத்துக் கூறவே எழுதுகிறேன்.

இருப்பவை

நல்லதை முதலில் சொல்வதே முறை. தோனி அதிகம் பேசாத மனிதர். வென்றாலும் தோற்றாலும் இரண்டு வரியில் முடித்துக் கொள்பவர். அவர் இத்தொடரில் மனம் திறந்து பேசுகிறார். நிர்வாகத்தின் பக்கம் தவறு இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், ஆடிய வீரர்கள் செய்த பிழை என்ன என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

2018-ஆம் ஆண்டின் கதையோ, கற்பனை செய்தாலும் கிடைக்காத கதை. முதுமை எய்திய வீரர்களை வாங்கிவிட்டார்கள் என்று ஊரே கேலி பேசியது. தோனிக்கும் வாட்சனுக்கும் வயது 36, தாகிருக்கு 39. ஏப்ரல் 7 அன்று மும்பையில் நடந்த முதல் ஆட்டத்தில், தோல்வி உறுதி என்ற நிலையில் பிராவோ 68 ஓட்டங்கள் எடுத்து ஒரு விக்கெட் வேறுபாட்டில் வென்று தந்தார். மே 27 அன்று அதே மும்பை வாங்கடே அரங்கில் இறுதியாட்டம். வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. பின்னர் 57 பந்துகளில் 117 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். இதைத் திரையில் மீண்டும் காணும்போது மெய்சிலிர்க்கிறது. இல்லை என்று சொல்பவன் இரசிகனே அல்லன்.

இல்லாதவை

இனி, மெய்க்கீர்த்தி முடிந்த பின் வர வேண்டிய ஊரின் கதைக்கு வருவோம்.

அணிக்குத் தடை ஏன் வந்தது? உரிமையாளரின் மருமகனும் அணியின் பொறுப்பில் இருந்தவருமான குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டினார் என்பதை 2015 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கிரிக்கெட் வாரியத்தை ஆள்பவரே ஓர் அணிக்கும் உரிமையாளராக இருக்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. அவ்வாண்டு சூலையில் நீதிபதி லோதா குழு ஈராண்டுத் தடை விதித்தது. இத்தொடர் தடையினால் வீரர்கள் பட்ட வேதனையை விரிவாகக் கூறுகிறது. ஆனால், தடைக்குக் காரணமான அமைப்பின் மீது அதே அளவு வெளிச்சம் விழவில்லை. 'நாங்கள் என்ன தவறு செய்தோம்' என்று வீரர் கேட்கலாம். அதே கேள்வியை அவரைவிட உரக்கக் கேட்க உரிமை உள்ளவன் இரசிகன். அவன் ஊதியமும் பெறவில்லை, ஒப்பந்தமும் போடவில்லை.

2016, 2017 ஆகிய அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் நிலை என்ன? தோனி புனே அணிக்குப் போனார். ரெய்னா குசராத் அணிக்குத் தலைவரானார். எங்கள் கல்மண்டபம் பகுதித் தேநீர்க் கடைகளில் இதுவே வழக்காடு மன்றம். தோனி இருக்குமிடமே நம் அணி என்றான் ஒருவன். ஊர்ப்பெயர் இல்லாத அணி நமக்கெதற்கு என்றான் இன்னொருவன். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் போதும் என்றான் மூன்றாமவன். ஓர் அணி என்பது வீரர்களா, உரிமையாளரா, ஊரா என்னும் பெரிய கேள்வியை, எந்தப் பேராசிரியரும் சொல்லித் தராமலே எங்கள் தெரு ஆராய்ந்தது.

துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இத்தொடரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இன்னா நைனா, டீமு கஷ்டப்பட்டுச்சு, கேப்டன் கஷ்டப்பட்டாரு, அதெல்லாம் சர்தான். ரெண்டு வருசம் டீமே இல்லாதப்ப நீ இன்னா பண்ணேன்னு நம்மள ஒரு வார்த்தை கேட்டானா?"

இரசிகர்களே இத்தொடரில் இல்லை என்று நான் கூற மாட்டேன். இருக்கிறார்கள். மஞ்சள் சட்டை அணிந்து வருகிறார்கள்; ஆர்ப்பரிக்கிறார்கள். ஆனால் அவர்கள் அன்பைச் சொல்ல மட்டுமே வருகிறார்கள். கேள்வி கேட்க வருவதில்லை. மன்னன் உலா வரும்போது வீதியின் இருபுறமும் நிற்கும் மக்களைப் போல் அவர்கள் நிற்கிறார்கள்.

ஒரு நாள் போதும்

ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். 2018 ஏப்ரல் 10. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்க உச்ச நீதிமன்றம் தந்த ஆறு வார காலம் மார்ச்சு இறுதியில் முடிந்து போயிருந்தது. வாரியம் அமையவில்லை. தமிழகமெங்கும் போராட்டம். தண்ணீருக்காக நாடு தவிக்கும்போது சென்னையில் கிரிக்கெட் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. அண்ணா சாலையில் மறியல் நடந்தது. அரங்கினுள் காலணிகள் வீசப்பட்டன. அன்றைய ஆட்டத்தில் கொல்கத்தாவின் 202 ஓட்டங்களைக் கடந்து சென்னை வென்றது. ஆனால், அதன் பின் அவ்வாண்டில் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டமும் நடக்கவில்லை. எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேக்குப் போயின. சுமார் 1000 இரசிகர்களை ஏற்றிக்கொண்டு 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்ற தனி இரயில் புனேக்குப் புறப்பட்டது.

அணியின் கதையில் இது வழியில் வந்த ஒரு தடை. தாண்டிச் சென்றார்கள், வென்றார்கள். ஆனால் நம் ஊரின் கதையில் இது வேறு. வீராணம் ஏரி வழியாகச் சென்னைக்கும் குடிநீர் தருவது காவிரிதானே! அன்று அரங்கினுள் விசில் அடித்தவனும் தமிழன். வெளியே மறியல் செய்தவனும் தமிழன். ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று மனம் பிரிந்து நின்ற நாள் அது. ஏழு ஆட்டங்களைக் காண மூன்றாண்டு காத்திருந்தவனுக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. அவன் மறியல் செய்தவர்களை வெறுத்தானா? அல்லது, அவர்கள் கேட்பது நியாயம் என்று தன் ஏமாற்றத்தை விழுங்கிக் கொண்டானா? அந்தப் போராட்டம் பெரிய நாடகம். அதைக் காட்டியிருந்தால் அணிக்கு இழுக்கு வந்திருக்காது. நகரத்துக்குப் பெருமை வந்திருக்கும்.

அன்பு உண்மையைத் தாங்கும்

'விளையாட்டுத் தொடரில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா? மக்கள் மகிழ்ச்சிக்காகப் பார்க்கிறார்கள். குறைகளைக் காட்டினால் இரசிகன் மனம் நோகாதா?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு மூன்று சான்றுகள் தருகிறேன்.

முதற் சான்று இங்கிலாந்திலிருந்து. சண்டர்லேண்ட் என்பது நம் வடசென்னையைப் போன்ற ஊர். கப்பல் கட்டியும் நிலக்கரி வெட்டியும் வாழ்ந்த உழைப்பாளர் ஊர். அங்கே கடைசிக் கப்பல் கட்டும் தளம் 1988-இல் மூடப்பட்டது. பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் இன்று கால்பந்து அரங்கம் நிற்கிறது. அந்த அணியைப் பற்றிய தொடர் 2018 திசம்பரில் நெட்பிளிக்சில் வந்தது. எடுத்தவர்களே அவ்வணியின் இரசிகர்கள். மீட்சியைப் படம் பிடிக்கப் போனவர்களுக்குக் கிடைத்தது வீழ்ச்சி. 2017-18 பருவத்தில் அணி கடைசி இடத்துக்கு வந்து, மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. அவர்கள் படக்கருவியை மூடவில்லை. தேவாலயத்தில் அணிக்காக மன்றாடுபவர்களையும் அரங்கில் கோபத்தில் கத்துபவர்களையும் காட்டினார்கள். அந்த ஊரை அறியாத எத்தனையோ பேர் அத்தொடரை விரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் சான்று நம் பகுதியிலிருந்தே. 2021 சூலையில் வந்த பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றியது. கதைத்தலைவன் கபிலன் குடியில் வீழ்வதை அப்படம் மறைக்கவில்லை. பரம்பரைக்குள்ளேயே அவனைச் சாதியின் பெயரால் ஒதுக்குபவர்களையும் மறைக்கவில்லை. அதனால் நம் மக்கள் அப்படத்தைத் தள்ளிவிட்டார்களா? நெஞ்சில் வைத்துக் கொண்டார்கள்.

மூன்றாம் சான்று நம் அணியே. 2019 இறுதியாட்டம் சென்னையில் நடந்திருக்க வேண்டியது. சேப்பாக்கத்தில் சுமார் 12,000 பேர் அமரக்கூடிய ஐ, ஜே, கே என்னும் மூன்று பகுதிகள் அனுமதிச் சிக்கலால் பூட்டிக் கிடந்தன. அதனால் ஆட்டம் ஐதராபாத்துக்குப் போயிற்று. அங்கே மே 12 அன்று நாம் ஒரே ஓர் ஓட்டத்தில் தோற்றோம். முழங்காலில் இரத்தம் கசிந்து காலுறையை நனைக்க, வாட்சன் 80 ஓட்டங்கள் எடுத்துப் போராடினார். இன்றும் எங்கள் தெருவில் வாட்சன் என்றால், முந்திய ஆண்டு வென்று தந்த 117-ஐ விட அந்தத் தோற்ற 80-ஐத்தான் முதலில் சொல்வார்கள். தோல்வியைப் போற்றத் தெரிந்த கூட்டத்துக்கு உண்மையைக் காட்ட ஏன் அஞ்ச வேண்டும்?

விசிலுக்கு உரியவர்கள்

இந்த அணியின் முழக்கம் 'விசில் போடு'. விசில் எங்கே பிறந்தது? குளிரூட்டிய கண்ணாடி அறையில் அன்று. திரையரங்கின் முன்வரிசைத் தரை டிக்கெட்டில் பிறந்தது. 2020-இல் மூடப்பட்ட எங்கள் தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா போன்ற கொட்டகைகளில் வளர்ந்தது. நாள் முழுதும் மூட்டை தூக்கியவனும் வலை இழுத்தவனும் மாலையில் தன் மகிழ்ச்சியைச் சொல்லக் கண்டுகொண்ட மொழி அது. அந்த மொழியை அணி எடுத்துக் கொண்டது, எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் விசிலுக்கு இன்னொரு பொருளும் உண்டு. படம் நடுவில் அறுந்தாலும் கொட்டகையில் விசில் கிளம்பும். பாராட்டுக்கு ஒரு விசில். தவறு நடந்தால் தட்டிக் கேட்க ஒரு விசில். அணி முதல் விசிலை மட்டும் பதிவு செய்துகொண்டு, இரண்டாம் விசிலை விட்டுவிட்டது.

2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை வென்ற இந்த அணி, 2025-இல் தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. உண்மையான தொடர் எடுக்க ஏற்ற ஆண்டு அதுவே என்பேன். கோப்பையோடு வரும் கூட்டத்தைக் காண்பது எளிது. கடைசி இடத்திலும் கலையாத கூட்டத்தைக் காட்டுவதே கதை.

நண்பர்களே! பெரிய நிறுவனங்கள் அதை எடுக்கும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் கைப்பேசி உள்ளது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும், ஆடுதொட்டியிலும், நம் கல்லூரி வாயிலிலும் மூன்று தலைமுறை இரசிகர்கள் இருக்கிறார்கள். தடை பெற்ற ஆண்டுகளில் என்ன நினைத்தீர்கள், காவிரிக்காக ஆட்டம் நின்றபோது எந்தப் பக்கம் நின்றீர்கள், சேப்பாக்கத்தின் உள்ளே ஒருமுறையேனும் உட்கார்ந்தது உண்டா என்று அவர்களிடம் கேட்போம். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே பதிவு செய்வோம். மன்னனின் மெய்க்கீர்த்தியை அரசவை எழுதிக் கொள்ளட்டும். அதன் கீழே ஊரார் பெயரைப் பொறிக்க வேண்டியது நம் வேலை.