கட்டியதைக் கலைத்துப் பாருங்கள்

அந்தத் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்ததும் அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டார். இடது கையின் நான்கு விரல்களும் ஏ, எஸ், டி, எஃப் மீது தாமாகப் போய் அமர்ந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயரும் ஹையரும் முடித்த விரல்கள் அவை. ஒரு விசையை அழுத்தினார். நடுவிலிருந்து ஒற்றைக் கம்பி எழுந்து தாளை நோக்கிப் போனது. உருளை சற்று நகர்ந்தது. இன்னும் நாலைந்து முறை அழுத்தினார். பிறகு தாளை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எழுத்து விழலையேப்பா?”

விழாது. அது 2,079 பிளாஸ்டிக் துண்டுகளால் ஆன லெகோ தட்டச்சுப் பொறி. 2021-ல் வெளிவந்தது. ஸ்டீவ் கின்னஸ் என்ற பிரிட்டிஷ் ரசிகரின் யோசனை. லெகோ நிறுவனத்தைத் தொடங்கிய டேனிஷ் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் பயன்படுத்திய தட்டச்சுப் பொறியைப் பார்த்து உருவானது. எந்த எழுத்தை அழுத்தினாலும் எழுவது அந்த ஒரே கம்பிதான். உருளை மட்டும் நிஜப் பொறியைப் போலவே நகரும். அதை நான் ஒன்பது இரவுகள் உட்கார்ந்து கட்டினேன். எட்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். அந்த எட்டு மாதமும் அதற்கு நான் செய்தது, மாதம் ஒருமுறை ஓவியத் தூரிகையால் தூசி தட்டியது மட்டும்தான். இந்தக் கட்டுரை அந்த எட்டு மாதத்தைப் பற்றியது.

பெரியவர்களுக்கான கட்டை செட்டுகள் இன்று தனிச் சந்தையாகிவிட்டன. கறுப்புப் பெட்டி, அதன் மேல் 18+ என்ற எண், உள்ளே புத்தகம் போலத் தடித்த கையேடு. 2020-ல் லெகோ இந்தக் கறுப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தபோது உலகம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அந்த ஆண்டே 9,036 துண்டுகளுடன் ரோமின் கொலோசியம் வந்தது. அடுத்த ஆண்டு பூங்கொத்தும் போன்சாய் மரமும் டைட்டானிக்கும் வந்தன. 2022-ல் ஈஃபில் கோபுரம்: 10,001 துண்டுகள், ஒன்றரை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவான உயரம். குழந்தையின் கை எட்டாத இடத்தில்தான் அதை நிறுத்த முடியும்.

இந்தத் திருப்பத்தின் வேர் கொஞ்சம் பழையது. 2003, 2004 ஆண்டுகளில் லெகோ திவாலின் விளிம்பில் நின்றது. துண்டுகளின் வகைகள் கட்டுக்கடங்காமல் பெருகி, பதின்மூன்றாயிரத்தை நெருங்கியிருந்தன. 2004-ல் பொறுப்புக்கு வந்த யோர்கன் விக் க்னுட்ஸ்டோர்ப் அவற்றை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தார். அதோடு, அதுவரை நிறுவனம் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு கூட்டத்தின் பக்கம் காதைத் திருப்பினார். வளர்ந்த பிறகும் கட்டையை விடாதவர்களின் கூட்டம் அது. பதின்பருவத்தில் கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு, முப்பதுக்கு மேல் திரும்ப எடுக்கும்வரையிலான இடைவெளியை அவர்கள் ‘இருண்ட காலம்’ என்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்தே வடிவமைப்பாளராக உள்ளே போன ஜேமி பெரார்ட் உருவாக்கிய ‘கஃபே கார்னர்’ 2007-ல் வெளியானது. தெருமுனைக் கட்டடம் ஒன்று. ஒவ்வொரு மாடியையும் தனியே தூக்கி எடுக்கலாம். பக்கத்தில் அடுத்த ஆண்டின் கட்டடத்தைச் செருகி ஒரு தெருவையே வளர்க்கலாம். அந்த வரிசை இன்றும் ஆண்டுக்கொரு கட்டடமாக நீள்கிறது. 2008-ல் 5,922 துண்டுகளில் தாஜ்மகால் வந்தது. 2017-ல் 7,541 துண்டுகளுடன் மில்லேனியம் ஃபால்கன் விண்கலம் வரும்வரை அதைவிடப் பெரிய லெகோ செட் கிடையாது.

வளர்ந்த ஒருவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? இதை ‘மன அழுத்த நிவாரணம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். நாள் முழுக்க நாம் செய்யும் வேலையில் பெரும்பகுதி திரையில் தோன்றித் திரையிலேயே மறைகிறது. கட்டையைப் பொருத்தும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கிறது, சரியாக உட்கார்ந்ததை விரல் உணர்கிறது. கட்டையின் மேலுள்ள ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லிமீட்டர், கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். 1958-ல் காப்புரிமை கோரப்பட்ட கட்டை, இன்று பிரித்த பெட்டியிலிருக்கும் கட்டையோடு பொருந்தும். இரண்டு தலைமுறை இடைவெளியில் செய்யப்பட்ட இரண்டு பொருட்கள் இப்படிக் கைகோத்துக்கொள்வது வேறு எந்தத் துறையில் நடக்கிறது? கைப்பேசியின் சார்ஜர்கூட ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது.

போன்சாய் செட்டைக் கிட்டத்தில் பாருங்கள். 878 துண்டுகள். பச்சை இலைகளை எடுத்துவிட்டு இளஞ்சிவப்புப் பூக்களைப் பொருத்தினால் செர்ரி மரம் பூத்துவிடும். அந்தப் பூக்களை விரலில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அவை பூக்களே இல்லை. குட்டித் தவளைகள்! வேறு செட்டுகளின் குளக்கரையில் பச்சையாக உட்கார்ந்திருந்த அதே தவளை, நிறம் மட்டும் மாறி, நூறு எண்ணிக்கையில் கிளையெங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் பூ. கிட்டே போனால் தவளை. அதை முதலில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எந்தத் துண்டுக்கும் விதிக்கப்பட்ட வேலை ஒன்று கிடையாது என்பதை ஒரு வடிவமைப்பாளர் தவளையை வைத்துச் சொல்லிவிட்டார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் இதையே எண்ணால் சொன்னார். எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம். ஆறே ஆறு கட்டைகளுக்கு இந்தக் கணக்கு.

அப்படியிருக்க, இரண்டாயிரம் துண்டுகளை ஒரே ஒரு விதத்தில் இணைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். ‘காட்சி செட்’ என்ற எண்ணத்தின் மீதே எனக்குள்ள மனத்தாங்கல் இது. பெட்டிப் படத்தில் சோஃபாவுக்குப் பின்னால், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். கட்டும் நேரத்தை நமக்கு விற்பதைவிட, கட்டி முடித்த பின் அது வீட்டுக்கு என்ன அழகு சேர்க்கும் என்பதையே அதிகம் விற்கிறார்கள். விளைவு, துண்டுகளின் எண்ணிக்கையே பெருமையாகிவிட்டது. 2021-ல் வந்த உலக வரைபடத்தில் 11,695 துண்டுகள். எண்ணிக்கையில் ஈஃபில் கோபுரத்தையும் மிஞ்சியது. ஆனால் அதில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைக் குமிழ் அளவுள்ள வட்டப் புள்ளிகள். பலகையில் வரிசையாக அழுத்திக்கொண்டே போக வேண்டியதுதான். அதில் அமைதி காண்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டைட்டானிக்கில் உந்துவிசிறியைச் சுற்றினால் உள்ளே எந்திரத்தின் பிஸ்டன்கள் ஏறி இறங்குமே, அந்த ஏற்பாட்டைக் கட்டும்போது கிடைக்கும் அறிவை எத்தனை ஆயிரம் புள்ளிகள் கொடுத்துவிடும்?

இதைவிடக் கவலை தருவது பிரிக்காத பெட்டி. ஒரு செட் உற்பத்தியிலிருந்து நிறுத்தப்பட்டதும் அதன் விலை ஏறுகிறது. மாஸ்கோவின் உயர்நிலைப் பொருளாதாரப் பள்ளி ஆய்வாளர்கள், 1987 முதல் 2015 வரையிலான செட்டுகளின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்து, சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 11% ஆதாயம் கிடைத்ததாகக் கணக்கிட்டார்கள். இந்தச் செய்தி பரவியதிலிருந்து, முத்திரை உடையாத பெட்டிகளை அறையில் அடுக்குவது ஒரு முதலீடாகிவிட்டது. அப்படி அடுக்குபவர்கள் தாஜ்மகாலின் கதையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2008-ன் அந்தப் பெட்டி, உற்பத்தி நின்ற பின் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. 2017-ல் லெகோ அதே தாஜ்மகாலை ஒரு துண்டு கூடுதலாக, 5,923 துண்டுகளுடன் மறுபடி வெளியிட்டது. பதுக்கியவர்களின் கணக்கு ஒரே நாளில் சரிந்தது. கட்ட ஆசைப்பட்டவர்களுக்கு அது கிடைத்தது. அன்று நிறுவனம் செய்தது நூற்றுக்கு நூறு சரி என்பேன். நிறுத்திய நல்ல செட்டுகளை அது இன்னும் அடிக்கடி திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நம் ஊரில் இந்தக் கவலைக்கு இன்னொரு அடுக்கு உண்டு. லெகோவுக்கு இந்தியாவில் ஆலை கிடையாது, எல்லாம் இறக்குமதி. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காக்கும் நோக்கம் எனக்குப் புரிகிறது; அதை எதிர்க்கவும் இல்லை. ஆனால் அதன் விளைவாக, ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இந்தப் பெரிய பெட்டி வாழ்க்கையில் ஒருமுறை வாங்கும் பொருளாகிவிடுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கியதை யாருக்குக் கலைக்க மனம் வரும்? விலை ஏற ஏறக் கட்டைக்குக் கண்ணாடிக் கூண்டு உறுதியாகிறது. விலையைக் குறைக்கும் ஒரே வழி போட்டி. கட்டையின் வடிவத்தை வணிக முத்திரையாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்துவிட்டது. போலந்தின் கோபி, சீனத்தின் காடா என்று தரமான மாற்றுகள் வந்திருக்கின்றன. இதில் யாரும் லெகோவுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. 1949-ல் லெகோ செய்த முதல் கட்டையே, ஹிலரி பேஜ் என்ற ஆங்கிலேயரின் கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்ததுதான்.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 முதல் இலை, செடி, மரத் துண்டுகள் சிலவற்றைக் கரும்பிலிருந்து எடுத்த பாலித்தீனில் செய்கிறார்கள். ஆனால் பிரதானக் கட்டை இன்னும் பெட்ரோலிய வழி வந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான். பழைய பாட்டில்களை மறுசுழற்சி செய்து கட்டை தயாரிக்கும் திட்டத்தை 2023-ல் கைவிட்டார்கள். நாம் போன பிறகும் இந்தத் துண்டுகள் இருக்கும். அவ்வளவு காலம் இருக்கப்போகும் பொருளை ஒரே உருவத்தில் உறைய வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும் கலைத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மருத்துவமனைப் படுக்கைக்கு அருகில் நோயாளியும் மகளும் சேர்ந்து கட்டிய பூங்கொத்து இருந்தால், அது அப்படியே இருக்கட்டும். சீன இசை ஆசிரியர் டோனி சென்னின் யோசனையில் பிறந்த, 25 விசைகள் கொண்ட லெகோ பியானோவை ஒரு வயதான இசைக் கலைஞர் தன் வரவேற்பறையில் வைத்திருந்தால், அதற்கும் அர்த்தம் இருக்கிறது. நான் பேசுவது, கட்டி முடித்த மறுநாளே நாம் பார்க்க மறந்துவிட்ட செட்டுகளைப் பற்றி. ஒவ்வொரு வீட்டிலும் அலமாரியின் மேல்தட்டில் அப்படி ஒன்றாவது இருக்கும்.

என்னுடையதைப் போன மாதம் இறக்கினேன். பெட்டியோடு வரும் ஆரஞ்சு நிறப் பிரிப்பானை எடுத்துக்கொண்டேன். உளியைப் போல நுனி தட்டையான, விரல் நீளப் பொருள் அது. குமிழின் மேல் அதை மாட்டி நெம்பினால் தட்டு கழன்றுவரும். கட்டியபோது கையேட்டின் படங்களைப் பார்த்து வேகமாகத் தாண்டிப் போயிருந்த இடங்கள், கலைக்கும்போதுதான் புரிந்தன. விசையை அழுத்தியதும் உருளை எப்படி ஒரே ஒரு பல் அளவு நகர்ந்து நிற்கிறது என்பது, அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்த பின்புதான் எனக்கு விளங்கியது. கட்டும்போது வடிவமைப்பாளர் சொன்னதைச் செய்தேன். கலைக்கும்போது அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அம்மா முறத்தை எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தார். அரிசியில் கல் பார்ப்பதுபோல, நான் கழற்றிப் போட்ட துண்டுகளை நிறம் நிறமாக ஒதுக்கினார். இரண்டு மாலை நேரம் ஆனது. உடற்பகுதியின் மணல்பச்சைத் துண்டுகளை மேல்வீட்டுப் பையன் கேட்டிருக்கிறான். ரயில் நிலையம் கட்டப் போகிறானாம். கடைசியில் எழுத்து அச்சிட்ட வட்டத் துண்டுகள் மட்டும் முறத்தின் மூலையில் மிஞ்சின.

“இதை மட்டும் தனியா வைப்பா” என்றார். பிறகு அவரே அவற்றை அள்ளி மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க ஆரம்பித்தார். கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய். அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. கையேடு பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.